அன்னாசிப்பூவில் ஃப்ளூ மருந்து இருக்கிறதா?

கேள்வி: எங்களுக்குத் திருப்பூர். ஒன்பது வயது மகளுக்குப் போன மாதம் கடுமையான காய்ச்சல், உடம்பு வலி. டாக்டர் மூக்கில் குச்சி விட்டு டெஸ்ட் எடுத்து, இன்ஃபுளுவென்சா ஏ என்று சொல்லி ஓசெல்டாமிவிர் சிரப் எழுதிக் கொடுத்தார். இரண்டாவது டோஸிலேயே வாந்தி எடுத்துவிட்டாள். அன்று இரவு என் மாமனார் போனில் வந்த ஒரு செய்தியைக் காட்டினார். இந்த மருந்தையே பிரியாணிக்குப் போடும் அன்னாசிப்பூவிலிருந்துதான் எடுக்கிறார்களாம். வீட்டிலேயே இருக்கும்போது ஏன் கம்பெனிக்குக் காசு கொடுக்க வேண்டும் என்று அதில் இருந்தது. சிரப்பை நிறுத்திவிட்டு அன்னாசிப்பூ, மஞ்சள், மிளகு போட்டுக் கஷாயம் வைத்து மூன்று வேளை கொடுத்தோம். ஐந்தாவது நாள் மகள் எழுந்து விளையாடப் போய்விட்டாள். அப்படியென்றால் கஷாயம் வேலை செய்தது என்றுதானே அர்த்தம்? அடுத்த முறை நேராகக் கஷாயமே கொடுத்துவிடலாமா? என் தங்கையின் ஏழு மாதக் குழந்தைக்குச் சளி. அவளும் ஒரு சங்கு கொடுக்கலாமா என்று கேட்கிறாள். மாமனார் இப்போது தினமும் மிளகுச் சத்து சேர்ந்த குர்குமின் (மஞ்சள் சத்து) மாத்திரை வாங்கிப் போடுகிறார், எந்த வைரஸும் அண்டாது என்று. அவருக்கு இதய வால்வு மாற்றியிருக்கிறது, வார்ஃபரின் சாப்பிடுகிறார்.
வாசகி, திருப்பூர்

பதில்: அன்புள்ள சகோதரி, கடிதத்தின் கடைசியில் நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் இரண்டு விஷயங்களுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அவை காத்திருக்காது.

தங்கையின் குழந்தைக்கு அன்னாசிப்பூ கஷாயம் ஒரு சொட்டுகூட வேண்டாம். ஏற்கெனவே கொடுத்திருந்து, குழந்தை வழக்கத்துக்கு மாறாக வீறிட்டு அழுதாலோ, தூக்கித் தூக்கிப் போட்டாலோ, கண் ஒரு பக்கமாகச் செருகினாலோ, உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகச் சொல்லுங்கள். போகும்போது அந்த அன்னாசிப்பூ பொட்டலத்தையும் எடுத்துக்கொள்ளட்டும்.

மாமனார் நாளைக் காலையே தன் இதய டாக்டரை அழைத்து, குர்குமின் மாத்திரை சாப்பிடுவதைச் சொல்லி, ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனை எடுக்க வேண்டும். ரத்தம் உறையாமல் தடுக்கும் அந்த வார்ஃபரினைத் தானாக நிறுத்தவோ கூட்டவோ குறைக்கவோ கூடாது. குர்குமினை நிறுத்துவதையும் டாக்டரிடம் சொல்லிவிட்டே செய்யட்டும். அதை நிறுத்தினாலும் ஐ.என்.ஆர். மாறலாம். ஈறில் ரத்தம், மலம் கறுப்பாகப் போவது, காரணமில்லாமல் உடம்பில் நீலம் பாரிப்பது, இதில் ஒன்று இருந்தாலும் காலை வரை பொறுக்க வேண்டாம்.

சரி, இப்போது அன்னாசிப்பூவுக்கு வருவோம்.

மாமனார் காட்டிய செய்தி முழுப் பொய்யாக இருந்திருந்தால் நான்கு வரியில் முடித்திருப்பேன். அதில் பாதி உண்மை இருக்கிறது, அதனால்தான் இத்தனை பேர் நம்புகிறார்கள். 2009ல் பன்றிக் காய்ச்சல் பயம் பரவியபோது என் கிளினிக்குக்கு ஒருவர் அரைக் கிலோ அன்னாசிப்பூவை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு வந்தார். மேஜைமேல் வைத்து, "ஒரு வேளைக்கு எத்தனை சார்?" என்று கேட்டார். ரூம் முழுக்கக் கல்யாண வீட்டு வாசனை. அவரும் உங்கள் மாமனார் சொன்ன அதே காரணத்தைத்தான் சொன்னார்.

பெயரில் பூ என்று இருந்தாலும் அன்னாசிப்பூ ஒரு மரத்தின் காய். அன்னாசிப் பழத்துக்கும் அதற்கும் உறவு கிடையாது. கையில் எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் எட்டு இதழ் இருக்கும். ஒவ்வொன்றும் சின்னப் படகு மாதிரி வாய் திறந்து, உள்ளே ஒரே ஒரு பளபளப்பான பழுப்பு விதை. நம் மளிகைக் கடைகளுக்கு வருவதில் பெரும்பகுதி வியட்நாம், சீனா சரக்கு. இதில் ஷிகிமிக் அமிலம் என்றொரு பொருள் நிறைய இருக்கிறது. செடிகளும் பாக்டீரியாக்களும் தங்களுக்கு வேண்டிய சில அமினோ அமிலங்களைச் செய்துகொள்ளும் வழியில் நடுவில் வரும் பொருள் அது. அதனால் எல்லாச் செடியிலும் கொஞ்சம் இருக்கும், அன்னாசிப்பூவில் ஏராளமாகச் சேர்ந்திருக்கிறது. மனித உடம்பில் அந்த வழியே கிடையாது.

ஃப்ளூ மருந்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? அமெரிக்காவின் கிலியட் நிறுவனம் உருவாக்கி, 1996ல் சுவிட்சர்லாந்தின் ரோஷ் நிறுவனத்துக்கு உரிமம் கொடுத்து, 1999ல் டாமிஃப்ளு என்ற பெயரில் விற்பனைக்கு வந்த மருந்துதான் ஓசெல்டாமிவிர். அதன் மூலக்கூறின் நடுவில் ஆறு கார்பன் கொண்ட ஒரு வளையம் இருக்கிறது. அந்த வளையத்தில் எந்த மூலையில் எது, எந்தப் பக்கம் பார்த்து உட்கார வேண்டும் என்பது முக்கியம். பக்கம் மாறினால் மருந்து மருந்தாக இருக்காது. ஒன்றுமில்லாததிலிருந்து அப்படி ஒரு வளையத்தைக் கட்டுவது வேதியியலில் பெரும்பாடு. ஷிகிமிக் அமிலத்தில் அந்த வளையம், கிட்டத்தட்ட வேண்டிய அமைப்பில், இயற்கையாகவே இருக்கிறது. அதனால் அதை எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினார்கள்.

தொடங்கினார்கள் என்பதுதான் விஷயம். அதற்கப்புறம் ஏறக்குறைய பத்துக் கட்ட வேலை இருக்கிறது. அமிலத்தில் இருக்கும் சில பகுதிகளைக் கழற்றி, இல்லாதவற்றைப் பூட்டி, நைட்ரஜனை இரண்டு இடத்தில் சேர்க்கிறார்கள். வெடிக்கும் ஆபத்துள்ள அசைடு என்ற பொருளைக் கையாளும் கட்டங்களும் உண்டு. கடைசியில் வெளிவருவது ஷிகிமிக் அமிலம் கிடையாது. வேறொரு பொருள். அதுகூட முழு மருந்தாக வாய்க்குள் போவதில்லை. குடலில் உறிஞ்சப்படுவதற்காக ஒரு வால் மாதிரி ஒட்டவைத்திருப்பார்கள். ரத்தத்தில் கலந்த பிறகு கல்லீரல்தான் அந்த வாலை வெட்டி, வேலை செய்யும் மருந்தாக மாற்றுகிறது.

உங்கள் ஊர்க் கணக்கில் சொன்னால் பருத்திக்கும் பனியனுக்கும் உள்ள தூரம். பஞ்சு இல்லாமல் பனியன் இல்லை, உண்மை. அதற்காகப் பஞ்சை அள்ளி உடம்பில் ஒட்டிக்கொண்டு ஆபீஸ் போக முடியுமா? நடுவில் நூற்பு, நிட்டிங், சாயம், கட்டிங், தையல் எல்லாம் இருக்கிறது. பனியன் தைக்கிற ஊரில் யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

இப்போது அந்த மருந்து என்ன செய்கிறது என்று பாருங்கள். ஃப்ளூ வைரஸ் நம் தொண்டைச் செல்லுக்குள் புகுந்து நூற்றுக்கணக்கில் பெருகி, வெளியே வரும்போது செல்லின் மேல்தோலில் இருக்கும் சியாலிக் அமிலத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டினதை வெட்டிவிட்டுப் பறக்க அதனிடம் ஒரு கத்தரி உண்டு, நியூராமினிடேஸ் என்ற நொதி. எச்1என்1 என்று சொல்கிறோமே, அந்த 'என்' இந்தக் கத்தரிதான். ஓசெல்டாமிவிர் சியாலிக் அமிலத்தைப் போலவே வேஷம் போட்டுக் கத்தரியின் வாயில் போய் மாட்டிக்கொள்ளும். கத்தரி மூட முடியாது, புது வைரஸ் அடுத்த செல்லுக்குப் போக முடியாது. ஷிகிமிக் அமிலத்துக்கு அந்த வேஷம் பொருந்தாது. அது கத்தரிக்குப் பக்கத்தில் போனாலும் கத்தரி அதைக் கண்டுகொள்ளாது. கஷாயத்தில் ஷிகிமிக் அமிலம் இறங்கியிருக்கும், மறுக்கவில்லை. ஆனால் ஃப்ளூவைப் பொறுத்தவரை அது வேலைக்குப் போகாத பஞ்சு.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். 2005ல் பறவைக் காய்ச்சல் பயத்தில் உலக நாடுகள் எல்லாம் டாமிஃப்ளுவை வாங்கிக் குவிக்கக் கிளம்பின. ஒரு கிலோ ஷிகிமிக் அமிலத்துக்குச் சுமார் 30 கிலோ அன்னாசிப்பூ வேண்டும் என்று அப்போது கணக்குச் சொன்னார்கள். உலக விளைச்சலில் 90 சதவீதம்வரை அந்த ஒரு மருந்துக்கே போனதாகச் செய்தி வந்தது. சீனாவின் குவாங்ஷி பக்கம் விலை எகிறியது. காய்க்கும் மரத்தை நம்பி மருந்து செய்தால் இந்தக் கதிதான் என்று, மரபணு மாற்றிய ஈ.கோலி பாக்டீரியாவைத் தொட்டியில் நொதிக்க வைத்தும் ஷிகிமிக் அமிலம் எடுக்க ஆரம்பித்தார்கள். உங்கள் மகள் குடித்த சிரப் அன்னாசிப்பூவைக் கண்ணால்கூடப் பார்க்காமல் வந்திருக்கலாம். இந்த வரியை மாமனாரிடம் படித்துக் காட்டும்போது அவர் முகம் போகும் போக்கை எனக்கு எழுதுங்கள்.

அப்படியானால் மகளுக்கு எப்படிச் சரியானது? ஆரோக்கியமான ஒன்பது வயதுப் பிள்ளைக்கு ஃப்ளூ வந்தால் மூன்று நான்கு நாள் காய்ச்சல் அடித்து, ஒரு வாரத்துக்குள் எழுந்துவிடும். இருமல் மட்டும் இரண்டு வாரம் இழுக்கும். கஷாயம் கொடுத்த வீட்டிலும், கொடுக்காத வீட்டிலும் ஐந்தாவது நாள் பிள்ளை விளையாடப் போகும். கஷாயத்தின் சூடு தொண்டைக்கு இதமாக இருந்திருக்கும், உடம்புக்குத் தண்ணீர் போயிருக்கும். காய்ச்சலில் தண்ணீர் போவது சின்ன விஷயமில்லை. அந்த அளவுக்குக் கஷாயத்துக்குப் பாராட்டு.

நான் மருந்துக்கு வக்காலத்து வாங்குவதாக நினைக்க வேண்டாம். அந்தச் சிரப் ஐந்து நாளும் கொடுத்திருந்தால்கூடப் பெரிய அதிசயம் நடந்திருக்காது. 2014ல், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் குழுவினர், கம்பெனி வெளியிடாமல் வைத்திருந்த ஆய்வு அறிக்கைகளையும் போராடி வாங்கி, எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தார்கள். பெரியவர்களுக்கு ஏழு நாளில் தீரும் தொல்லை ஓசெல்டாமிவிர் சாப்பிட்டால் 6.3 நாளில் தீர்கிறது, அதாவது ஏறக்குறைய 17 மணி நேர லாபம். ஆரோக்கியமான குழந்தைகளுக்கு ஒரு நாளுக்குச் சற்று மேல். 2017ல் உலக சுகாதார நிறுவனம் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இதை ஒரு படி கீழே இறக்கியது. அதுவும் முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் இந்த லாபம். டெங்கு, கொரோனா, சாதாரணச் சளி எதற்கும் இது உதவாது. இன்ஃபுளுவென்சா ஏ, பி இரண்டுக்கு மட்டும்.

பின்னே ஏன் எழுதுகிறோம்? சிலருக்கு ஃப்ளூ ஒரு வாரத் தொல்லையோடு நிற்காது. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள், கர்ப்பிணிகள், 65 வயது தாண்டியவர்கள், ஆஸ்துமா, சர்க்கரை, இதய நோய் உள்ளவர்கள், ஆஸ்பத்திரியில் சேரும் அளவுக்கு மோசமானவர்கள். இவர்களுக்குச் சீக்கிரம் தொடங்குவது நல்லது என்பதுதான் இப்போதைய வழிகாட்டுதல். உங்கள் மகளுக்கு வேறு நோய் எதுவும் இல்லையென்றால், கொடுக்கலாமா வேண்டாமா என்று டாக்டருடன் உட்கார்ந்து பேசி முடிவெடுக்கும் இடத்தில்தான் அவள் இருந்தாள். வீட்டில் உங்கள் மாமனாரும் இருக்கிறார், வால்வு மாற்றியவர். அதையும் நினைத்து உங்கள் டாக்டர் எழுதியிருக்கக்கூடும். நிறுத்தியது பெரிய தப்பு என்று சொல்ல மாட்டேன். சொல்லாமல் நிறுத்தியதுதான் எனக்கு உறுத்துகிறது. ஒரு போன் போட்டிருந்தால், "வெறும் வயிற்றில் கொடுத்தீர்களா? இட்லி ஏதாவது கொடுத்துவிட்டுக் கொடுங்கள்" என்று சொல்லியிருப்பார். இந்த மருந்துக்கு மிகச் சாதாரணமான பக்கவிளைவு வாந்தி. வயிற்றில் ஏதாவது இருந்தால் பெரும்பாலும் தங்கிவிடும்.

அளவு பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன், இணையத்தில் தேடிப் பார்க்கிறவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இது. இந்தியாவில் கிடைக்கும் ஓசெல்டாமிவிர் சிரப் பெரும்பாலும் ஒரு மில்லியில் 12 மில்லிகிராம் இருக்கும். அமெரிக்காவில் 6 மில்லிகிராம். உங்கள் மகள் எடை 25 கிலோ என்று வைத்துக்கொண்டால் ஒரு வேளைக்கு 60 மில்லிகிராம். நம் ஊர்ப் பாட்டிலில் அது 5 மில்லி, அமெரிக்கப் பாட்டிலில் 10 மில்லி. அங்குள்ள அட்டவணையைப் பார்த்து இங்குள்ள பாட்டிலில் ஊற்றினால் இரண்டு மடங்கு போய்விடும். டாக்டர் எழுதிய சீட்டில் உள்ள அளவைப் பாட்டிலோடு வந்த சிரிஞ்சில் அளந்து கொடுங்கள், வீட்டு ஸ்பூன் வேண்டாம்.

குழந்தைக்கு ஏன் அவ்வளவு கறாராக வேண்டாம் என்றேன் என்று தங்கை கேட்பாள். அன்னாசிப்பூவுக்கு ஜப்பானில் ஒரு சகோதரி உண்டு, ஷிகிமி என்று பெயர். 1885ல் எய்க்மன் என்ற டச்சு வேதியியலாளர் ஷிகிமிக் அமிலத்தை முதலில் பிரித்தெடுத்தது இந்த மரத்திலிருந்துதான். அமிலத்துக்குப் பெயர் வந்ததும் இதனால்தான். ஜப்பானில் புத்தர் கோயிலில் வைப்பார்கள், ஊதுபத்திக்குச் சேர்ப்பார்கள். சாப்பிட மாட்டார்கள், ஏனென்றால் அது விஷம். அதில் இருக்கும் அனிசாட்டின் மூளையை அமைதியாக வைத்திருக்கும் ரசாயனத்தின் வேலையைத் தடுத்துவிடும், வலிப்பு வரும். முழுதாகப் பார்த்தால் ஷிகிமியின் காய் கொஞ்சம் சின்னதாக, நுனி வளைந்து இருக்கும் என்பார்கள். காய்ந்து உடைந்து பொட்டலத்தில் கலந்துவிட்டால் கண்ணால் பிரித்தறிய முடியாது. 2001ல் நெதர்லாந்தில் அன்னாசிப்பூ டீ குடித்த அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இந்தக் கலப்படத்தால் வாந்தி, வலிப்பு என்று படுத்தார்கள். 2003ல் அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அன்னாசிப்பூ டீ வேண்டாம் என்று எச்சரித்தபோது, பாதிக்கப்பட்ட சுமார் 40 பேரில் 15 பேர் கைக்குழந்தைகள். வயிற்று வலிக்கு என்று வீட்டில் கொடுத்ததுதான். பிரியாணிச் சட்டியில் ஒரு பூ போட்டு, இருபது பேர் சாப்பிட்டு, பூவை ஓரமாக ஒதுக்குவது வேறு. நாலு பூவை இடித்துச் சுண்டக் காய்ச்சி ஏழு கிலோ குழந்தைக்குப் புகட்டுவது வேறு. அந்தக் குழந்தைக்குத் தாய்ப்பால், மூக்கடைப்புக்கு உப்புத்தண்ணீர்ச் சொட்டு மருந்து, அவ்வளவு போதும். தேன் குழைத்துக் கொடுப்பதும் ஒரு வயது முடியும் வரை கூடாது. மூச்சு வாங்கினால், நெஞ்சுக்கூடு உள்ளிழுத்தால், பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தால், எட்டு மணி நேரம் ஈரமே இல்லாத டயப்பர் என்றால் டாக்டரிடம் போக வேண்டும்.

அடுத்து மஞ்சள். இதில் மாமனாரோடு எனக்குச் சண்டை போட மனமில்லை, எங்கள் வீட்டிலும் மஞ்சள் இல்லாத குழம்பு கிடையாது. ஆனால் அவர் போடுவது மஞ்சள் இல்லை. மஞ்சள்தூளில் குர்குமின் நூற்றுக்கு மூன்று பங்கு அளவில்தான் இருக்கும். ஒரு டீஸ்பூன் நிறையப் போட்டாலும் நூறு மில்லிகிராம் தேறாது. ஒரு மாத்திரையில் ஐந்நூறு இருக்கும். அப்புறம் அது குடலில் சரியாக உறிஞ்சப்படாது என்று மிளகின் பைப்பரினைச் சேர்க்கிறார்கள். 1998ல் பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரின் கொடுத்தபோது, ரத்தத்தில் குர்குமின் இருபது மடங்கு கூடியது. இன்று டப்பாவில் பெரிதாக அச்சடிக்கும் 2000 சதவீதம் அங்கிருந்து வந்ததுதான். டப்பாவில் போடாதது ஒன்று உண்டு. பைப்பரின் குர்குமினுக்கு மட்டும் கதவைத் திறந்துவிடுவதில்லை. மருந்துகளைச் சிதைத்து வெளியேற்றும் நொதிகளையே அது அடக்குகிறது. வலிப்புக்குச் சாப்பிடும் ஃபெனிட்டாயின் ரத்தத்தில் ஏறுவதை நம் நாட்டு ஆய்வுகளே காட்டியிருக்கின்றன. நியூசிலாந்தின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018ல் ஒரு நோயாளியைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டது. வார்ஃபரினில் சீராக இருந்தவருக்கு, மஞ்சள் சத்து மாத்திரை தொடங்கிய சில வாரங்களில் ஐ.என்.ஆர். பத்தைத் தாண்டியது. வால்வு போட்டவர்களுக்கு இரண்டரை, மூன்று, மூன்றரை என்று வைத்திருப்போம். பத்து என்றால் லேசாகத் தலையை இடித்துக்கொண்டாலே மூளைக்குள் ரத்தம் கசியும் நிலை. மாமனாருக்கு நாளைக் காலை என்று நாள் குறித்தது இதனால்தான்.

கல்லீரலும் இருக்கிறது. இத்தாலியில் 2018, 2019ல் மஞ்சள் மாத்திரை சாப்பிட்டவர்களுக்குக் கல்லீரல் அழற்சி வந்து அரசே எச்சரித்தது, 2023ல் ஆஸ்திரேலியாவும். எல்லோருக்கும் வருவதில்லை, சிலருக்குத்தான், அதில் மரபணு அமைப்புக்கும் பங்கு இருக்கலாம். யாருக்கு என்று சாப்பிடும் முன் தெரியாது.

"வைரஸைக் கொல்லும் என்று ஆராய்ச்சியில் நிரூபித்திருக்கிறார்களே?" என்று அவர் கேட்பார். நிரூபித்தது கண்ணாடித் தட்டில். பாரிஸில் பாஸ்டர் நிறுவனத்தார் 2017ல் ஸிகா, சிக்குன்குனியா வைரஸ்கள் செல்லில் ஒட்டுவதைக் குர்குமின் தடுக்கிறது என்று காட்டினார்கள். நல்ல ஆய்வு. தட்டில் வைரஸும் செல்லும் குர்குமினும் நேருக்கு நேர் இருக்கும், நடுவில் வயிறும் கல்லீரலும் இல்லை. உடம்புக்குள் அது நிலைப்பதே இல்லை. இதை நீங்கள் வீட்டிலேயே பார்த்திருக்கிறீர்கள். ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்ததும் ரத்தச் சிவப்பாகிறது அல்லவா, காரத்தில் குர்குமின் உருமாறுவதுதான் அது. வேட்டியில் பட்ட மஞ்சள் கறையைச் சோப்புப் போட்டால் சிவந்து பயமுறுத்தும், வெயிலில் காயப்போட்டால் மாயமாகும். வெளிச்சம் அதைச் சிதைத்துவிடுகிறது. அவ்வளவு சபலமான பொருள். இன்னொரு வினோதம், தட்டில் எதை வைத்துச் சோதித்தாலும் குர்குமின் அதில் ஒட்டிக்கொள்ளும், தானே ஒளிரும், கருவியை ஏமாற்றும். 2017ல் மின்னசோட்டா பல்கலைக்கழக வேதியியலாளர்கள் இதையெல்லாம் விரிவாக எழுதினார்கள். அதுவரை நடந்த 120க்கும் மேற்பட்ட மனித ஆய்வுகளில், மருந்தே இல்லாத போலி மாத்திரையோடு ஒப்பிட்டு முறையாக நடத்திய எதிலும் வெற்றி இல்லை என்பது அவர்கள் கண்டது.

மஞ்சளுக்கு அமெரிக்காக்காரன் காப்புரிமை வாங்கினான், நாம் போராடி மீட்டோம், அப்போது அதில் ஒன்றுமில்லாமலா என்றும் ஒரு கேள்வி வரும்; எனக்கு மாதம் ஒருமுறையாவது வருகிறது. 1995ல் கொடுத்த அந்தக் காப்புரிமை புண் ஆற்றுவதற்கு. இந்திய அரசின் அறிவியல் ஆராய்ச்சி அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர். பழைய நூல்களைக் காட்டி, இது எங்களுக்குப் பாட்டி காலத்திலிருந்தே தெரியும் என்று வாதாடி 1997ல் ரத்து செய்ய வைத்தது. புதிதல்ல என்பதுதான் அங்கே தீர்ப்பு. வைரஸ் பற்றி அந்த வழக்கில் பேச்சே இல்லை.

மசாலா டப்பாவிலிருந்து வைரஸ் மருந்து வரவே வராது என்று நான் சொல்லவில்லை. அன்னாசிப்பூவிலிருந்து வந்துதானே இருக்கிறது? குர்குமினையும் வேறு மாதிரி திருத்தி, சிதையாமல், உடம்பில் தங்கும்படி செய்யப் பலர் முயன்றுகொண்டிருக்கிறார்கள். ஒரு நாள் வரலாம். வந்தால் அது ஒரு சீட்டில், மில்லிகிராம் கணக்கில், இன்னின்ன மருந்தோடு சேரக்கூடாது என்ற எச்சரிக்கையோடு வரும்.

அடுத்த முறை மகளுக்குக் காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் எடைக்கு ஏற்றபடி கொடுங்கள். ஆஸ்பிரின் கூடாது, ஃப்ளூவில் ஆஸ்பிரின் கொடுத்தால் பிள்ளைகளுக்கு அபூர்வமாக மூளையும் கல்லீரலும் பாதிக்கும். ஆன்ட்டிபயாடிக் கேட்டு வாங்காதீர்கள். ரசம், கஞ்சி, சுக்கு மல்லிக் காப்பி எது பிடிக்கிறதோ கொடுங்கள், மிளகு தட்டிப் போட்டாலும் சரி. அன்னாசிப்பூ மட்டும் பிரியாணிக்கு இருக்கட்டும். காய்ச்சல் விட்டு இரண்டு நாள் கழித்து மறுபடி ஏறினாலோ, மூச்சு வாங்கினாலோ, பிள்ளை குழம்பிப் பேசினாலோ தாமதிக்க வேண்டாம். மாமனாருக்கும் மகளுக்கும் மழைக்காலம் தொடங்கும் முன் ஃப்ளூ தடுப்பூசி போடுவது பற்றி டாக்டரிடம் கேளுங்கள், வருஷா வருஷம் போட வேண்டியது அது. ஆறு மாதம் முடிந்துவிட்டதால் தங்கையின் குழந்தைக்கும் கேட்கலாம். வார்ஃபரின் சாப்பிடுகிறவர் என்பதை ஊசி போடுகிறவரிடம் முன்னாலேயே சொல்லிவிட்டால், மெல்லிய ஊசியில் போட்டு, போட்ட இடத்தைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடிக்கச் சொல்வார்.

கடைசியாக, அந்தச் சிரப் பாட்டில். பாதிக்கு மேல் மிச்சம் இருக்குமே, ஃப்ரிட்ஜ் கதவில் வைத்திருப்பீர்கள். தண்ணீர் கலக்கிய நாளிலிருந்து ஃப்ரிட்ஜில் வைத்தாலும் இரண்டு வாரத்துக்குச் சற்று மேல்தான் அது தாங்கும். போன மாதக் கணக்கு என்றால் நாள் எப்போதோ முடிந்துவிட்டது. தங்கையின் குழந்தைக்கு ஆகும் என்று யாராவது எடுப்பதற்குள் கொட்டிவிடுங்கள்.